சுற்றிப் போகிறவர்கள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நன்றாக இல்லை என்று எழுதினால் அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வாய்? ஆகையால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உனக்கு லீவு கிடைக்காததைப் பற்றி இங்கே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உன் அண்ணனை அனுப்பிவைக்க ஊரே வந்தது. புல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிற நெட்டையன், மாவு மில்லுக்காரி, தபால்காரர் எல்லோரும் வந்தார்கள். ஜென்மப் பகையாக இருக்கும் அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை.

மழையில் பாலத்துக்கு அடியில் அடைத்துக்கொண்ட குப்பையை எடுக்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அடைப்பை எடுத்து முடித்த பிறகுதான் உட்கார்ந்தாராம். அதையும் பெருமையாகத்தான் சொல்கிறார்கள்.

ஆளாளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. "எங்க கூரை பறந்தப்போ அண்ணன்தான் ஏணி தூக்கிட்டு வந்தாரு." "மலையில தீப்பிடிச்சப்போ அண்ணன்தான் முன்னாடி நின்னாரு." எனக்கும் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுவதைக் கடைசிவரை அவர் பார்க்கவே இல்லை. சபை பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

நேற்றுக் காலையில் பார்த்தால் நம் கேட்டில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. பள்ளத்து நிலத்தில் குச்சி நட்டுக் கட்டுவாரே, அதே மாதிரிக் கிழிசல், அதே முடிச்சு. யார் கட்டியது என்று தெரியவில்லை. அவர் நினைவாகத்தான் இருக்கும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

அன்புடன்
அண்ணி


ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், வேளைதான் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற ஆலையில் வேலை என்றால் துணி ஓயாது. இங்கே ஊரே படுக்கையில் கிடக்கிறதோ என்று தோன்றும் அளவுக்கு விரிப்புகள் வருகின்றன. ஈரத் துணியைச் சூடான இரும்பு உருளைக்குள் விடுவது என் வேலை. அந்தப் பக்கம் மொடமொடவென்று வரும்.

சிவப்புத் துணியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதன் கதை உங்களுக்கு முழுதாகத் தெரியுமோ என்னவோ. நீங்கள் அந்த வீட்டுக்கு வருவதற்கு முந்திய கதை. நான் சின்னப் பையனாக இருந்தபோது பள்ளத்து நிலத்தில் ஆட்காட்டிக் குருவியின் முட்டை ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். தரையிலேயே முட்டையிடுகிற மக்குப் பறவை அது. அண்ணன் ஓர் அறை விட்டார். முட்டையைத் திரும்ப வைக்கச் சொன்னார். பிறகு என் சட்டையைக் கழற்றி, சிவப்புச் சட்டை, புதுசு, கிழித்து ஒரு குச்சியில் கட்டிப் பக்கத்தில் நட்டார். அதுதான் முதல் குச்சி.

நெட்டையனின் அப்பா அன்றைக்கு மெஷினை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் போனார். அப்புறம் அது ஊர் வழக்கமாகிவிட்டது. துணி கட்டிய இடத்தில் மெஷின் போகாது, ஆடு போகாது. பிள்ளைகள் விளையாடும்போது அங்கே பந்து விழுந்தால் பந்து போனது போனதுதான். குஞ்சுகள் ஓடிப் போன பிறகு அண்ணன் மட்டும்தான் குச்சியைப் பிடுங்குவார். வேறு யாரும் தொடக்கூடாது.

அதைக் கேட்டில் கட்டியிருக்கிறார்கள் என்று படித்தபோது உருளைக்கு முன்னால் நின்று அழுதேன். ஆவியில் முகம் நனைந்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

கூரைக்கு ஆள் பார்த்தீர்களா?

இப்படிக்கு
தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே மழை வரும் என்று சொல்கிறது.

நம் கேட்டுக்கு எண்ணெய் விடச் சொல்லி எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன். "எண்ணெய் விட்டா யாரு வர்றாங்கன்னு எப்படித் தெரியும்?" என்பார். அது கிறீச்சிட்டதும் "அண்ணே" என்று ஒரு குரல் வரும். சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவார். இந்தக் கேட்டின் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. இப்போது அது சத்தம் போடுவதில்லை. எண்ணெய் விடாமலே.

எல்லோருக்கும் வேலை இருக்கும். மலையடியில் சருகு கூட்டுகிற காலம் இது. மில்லுக்காரி தினமும் நம் வாசல் வழியாகத்தான் போவாள். இப்போது சந்து முனையிலேயே திரும்பி வாய்க்கால் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகிறாள். அந்தப் பக்கம் புதுப் பாதை போட்டிருக்கிறார்களோ என்னவோ.

கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கேட்டதை எடுத்துக் கொடுத்தார்கள், மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு. நான் வெளியே வந்த பிறகு பேச்சு தொடர்ந்தது.

கூரைக்கு இன்னும் ஆள் சொல்லவில்லை. பாத்திரம் வைத்திருக்கிறேன். சொட்டுகிற சத்தமாவது இருக்கிறது.

உன் சிவப்புச் சட்டைக் கதையை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. இன்னும் இருந்தால் எழுது.

அன்புடன்
அண்ணி


ஏப்ரல் 3

அண்ணிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். பேனா சரியில்லை. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதம் என்றா சொல்வது? தந்தி என்று வேண்டுமானால் சொல்லலாம். எழுத்து ஏன் அப்படிக் குடித்தவன் நடை மாதிரி சாய்ந்து கிடக்கிறது? பேனா சரியில்லை என்றால் மை விட்டுப்போகும், எழுத்து விழுந்து எழுந்திருக்காது. உடம்புக்கு ஏதாவது என்றால் சொல்.

போன வாரம் பள்ளத்து நிலத்தில் ஆட்காட்டி கத்த ஆரம்பித்தது. முதலில் காதில் வாங்காத மாதிரிதான் இருந்தேன். பிறகு கொட்டகையில் இருந்த குச்சிகளையும் துணிகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். சிரிக்காதே. இத்தனை வருஷத்தில் நான் அங்கே இறங்கியதே இல்லை. அவர் கூப்பிட்டிருக்கிறார். "நீங்களும் உங்க பள்ளமும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். எனக்கு அந்த நிலத்தின் மேல் பொறாமை, தம்பி. ஒரு பெண்ணாக இருந்தால் முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். புல்லோடும் சேற்றோடும் என்ன சண்டை போடுவது?

தரையோடு தரையாக இருப்பதால் முட்டை கண்ணில் படவே இல்லை. பறவை தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து கத்துகிறது. அது கத்துகிற இடத்திலெல்லாம் தேடினேன். ஒன்றுமில்லை. கடைசியில்தான் புரிந்தது, அது கத்துகிற இடத்தில் கூடு இருக்காது. கூடு இருக்கிற இடத்தில் மூச்சு விடாது. எனக்குத் தெரிந்த மட்டும் குச்சி நட்டிருக்கிறேன். அவர் நட்ட மாதிரி நேராக இல்லை.

இன்னொரு விஷயம். இந்தப் புல்லறுப்பு முடிந்ததும் நான் இங்கிருந்து கிளம்பலாம் என்றிருக்கிறேன். டவுனில் என் அக்கா மகள் ஓர் அறை தருகிறேன் என்கிறாள். வீட்டையும் நிலத்தையும் சேர்த்து ஒருவர் கேட்கிறார். பள்ளத்தை மண் போட்டு மேடாக்கி லாரிகள் நிறுத்தப் போகிறாராம். நிலத்தில் பாதி உன் பேரில் இருக்கிறது. காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அன்புடன்
அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியம். கவலைப்பட ஒன்றுமில்லை.

காகிதம் வந்தது. உங்கள் விருப்பம்தான் என் விருப்பம். நான் அங்கே இல்லாதவன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் கையெழுத்துக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஊர்க்காரர்கள் உங்களைப் போகவிடுவார்களா? அண்ணனை அனுப்பிவைக்கத் திரண்டு வந்த ஊர் அது.

தம்பி


மே 17

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. கோபத்தில் இருக்கிறேன். அது ஒன்றுதான் இப்போது என் ஆரோக்கியம்.

ஊரா? எந்த ஊர்? ஜனவரி முதல் இந்தக் கேட்டை ஒரு ஜீவன் தொடவில்லை. உனக்கு எழுதியதெல்லாம் பொய். ஆள் நடமாட்டம் என்று எழுதினேனே, அது நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்த நடமாட்டம். தபால்காரர்கூட உன் கடிதத்தைச் சந்து முனைக் கல்லின் மேல் வைத்து, அதன் மேல் ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். சைக்கிள் மணியையும் அடிப்பதில்லை. போன மாதம் காய்ச்சலில் கிடந்தேன். எழுந்து தண்ணீர் மோந்து குடிக்க முடியவில்லை. வாய்க்கால் ஓரம் ஆட்கள் பேசிக்கொண்டே போகிறார்கள். நம் வீட்டு நேராக வந்ததும் குரலைத் தணித்துக்கொள்கிறார்கள். தாண்டியதும் பழையபடி பேசுகிறார்கள். எனக்கு அது காதில் விழாதா?

நேற்று நெட்டையன் மெஷினோடு வந்தான். பள்ளத்துக்கு மெஷின் இறங்க நம் கேட்டைத் தவிர வேறு வழி கிடையாது. புல் இடுப்பளவு நிற்கிறது. சந்து முனையில் நிறுத்தினான். கேட்டைப் பார்த்தான். என்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். நான் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது வருவான், இப்போது கூப்பிடுவான் என்று தலையைக்கூட வாரிக்கொண்டேன். மெஷினைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அவர்கள் எல்லோரும் அவருடைய ஆட்கள். நான் அவரைக் கூப்பிடுவதற்கு ஒரு கதவு, அவ்வளவுதான். ஆள் போன பிறகு கதவிடம் யாருக்கு என்ன பேச்சு?

ஆனால் அவருக்கு மட்டும் மரியாதை குறையவில்லை. கேட்டில் இருந்த சிவப்புத் துணி வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. யாரோ எனக்குத் தெரியாமல் வந்து புதுத் துணி மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். துணி மாற்ற வந்தவர்களுக்கு உள்ளே ஒருத்தி இருக்கிறாளா, செத்தாளா என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

கையெழுத்துப் போடு. தயவுசெய்து.

அண்ணி


மே 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் துணி கேட்டில்தானே இருக்கிறது? வெளிப்பக்கம் பார்த்து?

அண்ணி, அது அண்ணனுக்குக் கட்டியதில்லை. உங்களுக்குக் கட்டியது.

அந்த ஊரில் சிவப்புத் துணிக்கு வேறு அர்த்தமே கிடையாது. இங்கே ஓர் உயிர் இருக்கிறது, மிதிக்காதே, சத்தம் போடாதே, சுற்றிக்கொண்டு போ. அண்ணன் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். நெட்டையன் கேட்டைப் பார்த்துத் திரும்பியதற்கு வேறு என்ன காரணம்? ஒரு கூட்டைப் பார்த்தால் எப்படித் திரும்புவானோ அப்படித்தான் திரும்பியிருக்கிறான். குரலைத் தணிக்கிறவர்களும், மணி அடிக்காத தபால்காரரும் எல்லோரும் அப்படித்தான். உங்களைக் கலைத்துவிடக் கூடாது என்று மொத்த ஊரும் ஐந்து மாதமாக உங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறது.

அதை அவிழ்க்க அவர்களுக்குக் கை வராது. குச்சி பிடுங்குவது எப்போதும் அண்ணன் வேலை. எப்போது பிடுங்குவது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஆள் இப்போது இல்லை. நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும்.

இனி என் சமாச்சாரம். இதை இடது கையால் எழுதுகிறேன். மார்ச்சில் விரிப்போடு சேர்ந்து வலது கையும் உருளைக்குள் போய்விட்டது. கை இருக்கிறது, விரல்கள் மடங்கவில்லை. கையெழுத்துப் போட முடியாததால்தான் காகிதத்தை அனுப்பவில்லை. சொன்னால் அழுவீர்கள் என்று சொல்லவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, ஆறிவிடும்.

துணியை அவிழ்த்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் யாரும் வரவில்லை என்றால் கைநாட்டு வைத்தாவது அனுப்பிவிடுகிறேன்.

தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். மார்ச்சில் நடந்ததை மே கடைசியில், அதுவும் என் சமாச்சாரத்துக்குப் பின்னால் ஒட்டி எழுதுகிறாய். உன் அண்ணனுக்கு நீ தம்பிதான், சந்தேகமில்லை.

உன் கடிதத்தைச் சந்து முனையிலேயே பிரித்துப் படித்தேன். திரும்பி வந்து கேட்டுக்கு வெளியே நின்று, வெளியாள் பார்க்கிற மாதிரி பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. நானாக இருந்தாலும் சுற்றித்தான் போயிருப்பேன்.

அவிழ்த்தேன். முடிச்சு லேசில் வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். அன்றைக்கு யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இடது கையால் எழுதினால் அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கும் மறுநாள் மில்லுக்காரி சந்து முனையில் வந்து நின்றாள். கேட்டைப் பார்த்தாள். தலையில் இருந்த மாவு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக வந்தாள். கேட் கிறீச்சிட்டது, தம்பி. எனக்கு அந்தச் சத்தம் காதில் தேன் மாதிரி விழுந்தது என்று எழுதினால் அவர் மேலிருந்து சிரிப்பார். சிரிக்கட்டும்.

"தேறிட்டீங்களாக்கா?" என்றாள்.

"யாருடி கட்டினது?"

"நான்தான். வெளுத்துப்போச்சேன்னு மாத்திக் கட்டினதும் நான்தான். அண்ணன் சொல்லிக் குடுத்ததுதானேக்கா. அதுவா எழுந்து நடமாடுற வரைக்கும் யாரும் கிட்டப் போகக் கூடாதுன்னு."

"காய்ச்சல்ல கிடந்தேன். செத்திருந்தா என்னடி பண்ணியிருப்பீங்க?"

"விளக்கு எரியுதான்னு தினமும் பார்த்துட்டுத்தான் போவோம். நீங்க அழுறது கேட்கும். நின்னு கேட்டுட்டு நானும் அழுதுட்டுப் போவேன். உள்ள வந்துட மாட்டோமான்னு இருக்கும். ஆனா துணி கட்டியிருக்கே."

அவள் கட்டிய துணிக்கு அவளே பயந்திருக்கிறாள். அவளைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. இரண்டு பேரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதோம். வாய்க்கால் ஓரம் போனவர்கள் யாரும் இந்த முறை சுற்றிப் போகவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு குரல். "அக்கா!" நெட்டையன். நான் நகரவே இல்லை. அந்தக் கேட்டில் நின்று இத்தனை வருஷத்தில் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. எல்லாக் கூப்பாடும் அவருக்குத்தான். இரண்டாவது தடவையும் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். கூப்பிட்டான். பள்ளத்தில் நான் நட்ட கோணல் குச்சிகளைச் சுற்றிச் சுற்றி அறுத்தான். ஒரு குச்சியைக்கூடக் கேலி செய்யவில்லை. போகும்போது கூரையையும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான்.

காகிதத்தைக் கிழித்துப் போடு. எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. ஆட்கள் வந்து போன பிறகு வீடு முன்னைவிடக் காலியாக இருக்கிறது. அவர் இல்லை என்பது இப்போதுதான் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. இருந்தாலும் அந்தப் பள்ளத்தில் லாரி நிற்பதை என்னால் பார்க்க முடியாது. சண்டை போட்டாலும் அது என் சக்களத்தி.

நீ இங்கே வந்துவிடு. கை ஆறும்வரையாவது.

அன்புடன்
அண்ணி


ஜூன் 25

அன்புள்ள அண்ணிக்கு,

படித்துச் சந்தோஷப்பட்டேன். அண்ணன் இருந்திருந்தால் மில்லுக்காரியைத் திட்டிவிட்டு, முடிச்சு நன்றாக இருக்கிறது என்று பாராட்டியிருப்பார்.

நான் அங்கே வருவது இப்போது முடியாது. ஆலையில் கை சரியானதும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாடிப்படி ஏறி இறங்குவதில் பொழுது போகிறது. மடங்காத கையோடு வந்து உங்களுக்கு இன்னொரு பாரமாக இருக்க விருப்பமில்லை. அண்ணனை அனுப்பிவைக்கவே வராதவன், இப்போது எந்த முகத்தோடு வருவது?

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

தம்பி


ஜூலை 3

தம்பி,

உன் கடைசி வரிகளைப் படித்தேன். அவற்றை ஜனவரியில் எழுதியவள் நான். என் பொய்யை எனக்கே திருப்பி அனுப்புகிறாயா?

குஞ்சுகள் பள்ளத்தில் ஓட ஆரம்பித்துவிட்டன. கடைசியாக ஒரு குச்சி மட்டும் பாக்கி. அதை எப்போது பிடுங்க வேண்டும் என்று மில்லுக்காரிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தலையாட்டினாள். வீட்டுச் சாவியும் அவளிடம்தான். நெட்டையன் கூரைமேல் இருக்கிறான். அங்கிருந்தே உன்னை விசாரிக்கிறான்.

நான் வியாழக்கிழமை பஸ் ஏறுகிறேன். கடிதம் முந்துகிறதா, நான் முந்துகிறேனா தெரியாது. இந்த ஊர் எல்லையைத் தாண்டிப் பல வருஷம் ஆகிறது. எத்தனையாவது மாடி என்றுகூட நீ எழுதியதில்லை. கீழே நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவேன். இத்தனை வருஷம் கேட்டில் கேட்ட கூப்பாடெல்லாம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

உன் அண்ணன் யாராவது கூப்பிட்டால்தான் போவார். நான் கூப்பிடாமலே வருகிறேன். கதவைத் திற.

அண்ணி